பாலைவனத்தில் ஒற்றை வாள்வீரன்: 'ஸ்டீல் டான்' (1987) பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

பின்வரிசை எழுதியது:

இந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 'மேட் மேக்ஸ்' என்ற ஆஸ்திரேலியப் படம் ஓடியதால் வந்த நகல், அவ்வளவுதான் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகக் கதை. மூன்றாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம், எங்கு பார்த்தாலும் மணல். பெயரில்லாத ஒரு முன்னாள் போர்வீரன் (பேட்ரிக் ஸ்வேஸி) தனியாகத் திரிகிறான். படம் முழுக்க அவன் 'நாடோடி' மட்டும்தான். அவனுடைய குருவை ஷோ என்ற கூலிக்கொலைகாரன் கொன்றுவிடுகிறான். அப்புறம் நாடோடி மெரிடியன் என்ற சின்னக் குடியிருப்புக்கு வந்து சேர்கிறான். அங்கே காஷா என்ற விதவை, மகன் ஜக்ஸோடு நிலத்தை நம்பி வாழ்கிறாள். அவள் நிலத்துக்கு அடியில் சுத்தமான தண்ணீர் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தண்ணீர் மொத்தமும் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் டாம்னில். ஷோ இப்போது டாம்னிலின் ஆள். இவ்வளவுதான் கதை. யார் என்ன செய்வார்கள் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த முதல் காட்சியைப் பாருங்கள். விரிந்த மணல்வெளியில் ஒருவன் தலைகீழாக நின்று தியானம் செய்கிறான். மணலுக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்து வந்து தாக்குகிறார்கள். சண்டை. அதற்கு என்ன செலவு ஆகியிருக்கும்? மணல், துணி, வாள், பயிற்சி பெற்ற உடம்புகள். கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை, விண்கலம் இல்லை. அப்படியும் இது நம் உலகம் இல்லை என்பது முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடுகிறது.

என் கட்சி இதுதான்: இந்த வகைப் படத்துக்குப் பணப்பற்றாக்குறை குறையே இல்லை. கதையே எதுவும் மிஞ்சாத உலகத்தைப் பற்றியது. திரையில் எதுவும் இல்லாமல் இருப்பது அங்கே உண்மையாகிவிடுகிறது. மிச்சம் இருக்கும் பொருள்களில் ஒன்று மட்டும் உயிர்போகும் அளவுக்கு முக்கியமாக இருந்தால் போதும். இங்கே அது தண்ணீர். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்ட முயலும்போதுதான் இப்படிப்பட்ட படங்கள் விழுகின்றன.

வறண்டகிணறு எழுதியது:

நண்பரே, முதல் காட்சி நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம்? இது அப்படியே 1953-இல் வந்த 'ஷேன்' என்ற கௌபாய் படம். வெளியூர் ஆள் வருகிறான், நிலத்துக்காரக் குடும்பத்தில் தங்குகிறான், பையன் அவனைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறான், எதிரி கூலிக்கு ஆள் வைக்கிறான், கடைசியில் மோதல், அவன் கிளம்பிப் போகிறான். குதிரையை எடுத்துவிட்டு மணலைப் போட்டால் அறிவியல் புனைவு ஆகிவிடுமா? எதிர்காலம் என்று சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது? வாளும் தோல் உடுப்பும் வைத்து ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை என்று சொன்னாலும் நம்பிவிடுவேன்.

நடுவில் ஒரு நாற்பது நிமிடம் படம் நகரவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடோடி வேலை செய்கிறான், பையனோடு பேசுகிறான், மறுபடி வேலை செய்கிறான். மக்கள் இதை ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது.

பின்வரிசை எழுதியது:

வறண்டகிணறு, 'ஷேன்' சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் தனியாக வரும் வீரன் கதை எப்போதுமே இடம் மாறி இடம் மாறித்தான் வாழ்ந்திருக்கிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961. அதன் கதையை எடுத்து இத்தாலிய இயக்குநர் லியோனே 1964-இல் ஸ்பெயினின் அல்மேரியா வறண்ட நிலத்தில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். அதுவும் சின்ன முதலீட்டுப் படம்தான். ஜப்பானியத் தரப்பு வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கியதும் தெரிந்த கதை. எங்கிருந்து எடுத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கொண்டுபோன இடத்தில் கதைக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

'ஷேன்' படத்தில் சண்டை நிலத்துக்காக. நிலத்துக்கு வேலி போடலாம், பிடித்து வைக்கலாம். இங்கே சண்டை நிலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீருக்காக. அதைப் பூட்டி வைத்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சாவார்கள், திறந்துவிட்டால் எல்லோரும் பிழைப்பார்கள். டாம்னில் பூட்ட நினைக்கிறான், காஷா திறந்துவிட நினைக்கிறாள். எதிர்காலம் எங்கே என்று கேட்டீர்களே, எனக்கு அது இதில் இருக்கிறது.

நிழல்அளவு எழுதியது:

ஒளிப்பதிவுத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பின்வரிசை சார், "மணல் இருந்தால் போதும், செலவு இல்லை" என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். செட் செலவு மிச்சம்தான். ஆனால் பாலைவனம் அந்தப் பணத்தை வேறு வழியில் பிடுங்கிக்கொள்ளும்.

முதலில் வெளிச்சம். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், இவைதான் நல்ல நேரம். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் நடிகரின் கண்குழி கருப்பாகிவிடும், மணலில் மேடு பள்ளம் எதுவும் தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரை முகத்துக்குப் பிடித்தால் நடிகரால் கண் திறக்க முடியாது. தலைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டலாம் என்றால், திறந்தவெளிக் காற்றில் அந்தத் துணி பாய்மரமாகிவிடும். பிடித்து நிற்கவே ஆள் வேண்டும்.

அடுத்தது காலடித் தடம். கன்னி மணலில் ஒருவன் தன்னந்தனியாக நடந்து வருகிறான், நல்ல ஷாட். நடிகர் தடுமாறிவிட்டார், இன்னொரு டேக். இப்போது மணல் முழுக்கத் தடம். ஒன்று இடம் மாற வேண்டும், இல்லை மணலைச் சீவிச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யப் போகிறவரின் தடத்தை யார் அழிப்பது? அதனால் அனுபவசாலிகள் அகன்ற ஷாட்டை முதலில் எடுப்பார்கள், அதற்கு முன்னால் குழுவில் ஒருவரையும் அந்தப் பக்கம் கால் வைக்க விட மாட்டார்கள். காய்ந்த ஏரிப்படுகை என்றால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. கெட்டித் தரை, வண்டியும் ஓட்டலாம். 1975-இல் வந்த 'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' படத்தை மொஹாவி பாலைவனத்தின் காய்ந்த ஏரி ஒன்றில்தான் எடுத்தார்கள்.

அப்புறம் தூசி. லென்ஸை வெளியில் வைத்து மாற்றவே கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்ற வேண்டும். லென்ஸில் மணல் ஒட்டினால் துடைக்கக் கூடாது, ஊதித்தான் எடுக்க வேண்டும்; துடைத்தால் கீறல் விழும். 1987 என்றால் ஃபிலிம் சுருள். சூட்டில் ஃபிலிமின் நிறம் போய்விடும் என்று குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். அதை எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், அதனால் வெளிச்சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கேமராவின் உள்ளே ஒரு மணல்துகள் சிக்கினால் அன்றைய சுருள் முழுக்கக் கோடு. லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் அது தெரியும்.

ஒலி? காற்றடிக்கும் வெளியில் வசனத்தைச் சுத்தமாகப் பிடிப்பது குதிரைக்கொம்பு. அதனால் டப்பிங். டப்பிங் சரியாக அமையாவிட்டால் மணல்வெளியில் நிற்கிறவர் மூடிய அறைக்குள் பேசுவது போலக் கேட்கும். மலிவுப் படங்களைக் காட்டிக்கொடுக்கும் முதல் விஷயம் படம் இல்லை, ஒலிதான்.

பாலைவனம் இலவசமாகத் தருவது ஒன்றே ஒன்று: கானல். நீளமான லென்ஸ் போட்டுத் தூரத்தில் ஓர் ஆளை நடக்க விட்டால் காற்று தானாகவே அவரை உருக்கிக் காட்டும். அதற்குக் கிராஃபிக்ஸ் எதுவும் தேவையில்லை.

சுருள்பெட்டி எழுதியது:

நிழல்அளவு, அருமையான பதிவு. 'மேட் மேக்ஸ்' பற்றி ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைப் பாலைவனப் படம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1979-இல் வந்த முதல் படத்தில் பாலைவனமே கிடையாது. மெல்போர்னைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளிலும் புல்வெளி ஓரங்களிலும் எடுத்த படம். செலவு சுமார் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். உலகம் முழுக்க 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூல். செலவுக்கும் லாபத்துக்குமான விகிதத்தில் பல வருஷம் கின்னஸ் சாதனையாக இருந்தது. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒரு மருத்துவர். சாலை விபத்தில் அடிபட்டு வந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் படத்தின் மோதல்களில் இருக்கும் பயம் அங்கிருந்து வந்தது.

பாலைவனம் வந்தது 1981-இல், இரண்டாம் பாகத்தில். நியூ சவுத் வேல்ஸின் புரோக்கன் ஹில் பக்கத்துச் செம்மண் வெளி. அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் இத்தாலியிலும் பிலிப்பைன்ஸிலும் அமெரிக்காவிலும் வரிசையாகத் தனி வீரர்கள் கிளம்பினார்கள்.

'ஸ்டீல் டான்' படத்துக்கு இசை பிரையன் மே. குயீன் என்ற ராக் இசைக்குழுவின் கிதார்க்காரர் இல்லை, அதே பெயர் கொண்ட ஆஸ்திரேலிய இசையமைப்பாளர். 'மேட் மேக்ஸ்' முதல் இரண்டு பாகங்களுக்கும் இசை அமைத்தவரும் அவரே. தயாரிப்பாளர்கள் எதைத் துரத்தினார்கள் என்று இதிலிருந்தே தெரியும்.

இன்னொன்று, இதெல்லாம் ஏன் இத்தனை வந்தன? 'ஸ்டீல் டான்' படத்தை வெளியிட்ட வெஸ்ட்ரான் 1981-இல் வீடியோ கேசட் வெளியிடும் நிறுவனமாகத்தான் தொடங்கியது. வாடகைக் கடை அலமாரிக்குப் புதுப்புதுப் படங்கள் வேண்டும். பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் படங்களைத் தாங்களே கேசட்டில் விற்கத் தொடங்கியதும், வெஸ்ட்ரான் தானே படம் எடுக்க வேண்டிய நிலை வந்தது. 1987 ஆகஸ்டில் அவர்களுடைய 'டர்ட்டி டான்ஸிங்' வந்து ஸ்வேஸியை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. அதே வருஷம் நவம்பரில் 'ஸ்டீல் டான்' வந்தது, தியேட்டரில் காணாமல் போனது. நடனப் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் மணலும் வாளும் பார்க்க வரவில்லை. கேசட்டில்தான் இது உயிர் பிழைத்தது.

கடல்காகம் எழுதியது:

படம் எடுத்த இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இது ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீபியாவில் இருக்கும் நமீப் பாலைவனம். அந்தக் கடற்கரையை ஒட்டி பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. மழை அபூர்வம். ஆனால் கடலிலிருந்து மூடுபனி உள்ளே வரும், அங்கிருக்கும் சில வண்டுகள் முதுகைத் தூக்கிப் பனியில் நின்று, உடம்பில் சேரும் துளியைக் குடித்துப் பிழைக்கின்றன. ஆறுகள் பெரும்பாலும் மணலுக்கு அடியில்தான். குய்செப் ஆற்றில் மேலே தண்ணீர் ஓடுவது எப்போதாவதுதான், அடியில் இருக்கும் நீரை எடுத்துத்தான் வால்விஸ் பே நகரமே வளர்ந்தது. அந்த ஆற்றங்கரையில் டோப்நார் மக்கள் நாரா என்ற முள்கொடிப் பழத்தை நம்பிப் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அந்தக் கொடியின் வேர் மணலைத் துளைத்துக்கொண்டு ஆழத்தில் இருக்கும் நீரைத் தேடிப் போகும்.

நிலத்துக்கு அடியில் ரகசியத் தண்ணீர் என்பது திரைக்கதையில் கற்பனை. படம்பிடித்த மண்ணில் அது நிஜம்.

இன்னொரு நிஜமும் உண்டு. 1987-இல் நமீபியா சுதந்திர நாடு இல்லை. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பிடியில் இருந்தது, வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது. ஐநா பாதுகாப்பு அவை 1978-லேயே 435-ஆம் தீர்மானம் போட்டும் சுதந்திரம் வந்தது 1990 மார்ச் 21-இல்தான். வால்விஸ் பே துறைமுகம் 1994 வரை தென்னாப்பிரிக்காவிடமே இருந்தது. அடுத்தவன் தண்ணீரை ஆயுதத்தால் பிடுங்குகிறவனை எதிர்க்கும் கதையை, அடுத்தவன் நாட்டை ஆயுதத்தால் பிடித்து வைத்திருந்த ஆட்சியின் கீழ் எடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணின் மக்கள் கதையில் எங்கே என்று தேடினால் விடை இல்லை. படத்தை ரசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. "யாருமற்ற பாலைவனம்" என்று திரை சொல்லும்போது, அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறக்காமல் பாருங்கள் என்கிறேன்.

வறண்டகிணறு எழுதியது:

கடல்காகம், இதைப் படித்த பிறகு படத்தை மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. ரசிப்பதற்கு இல்லை, பின்னணியைக் கவனிப்பதற்கு.

பின்வரிசை எழுதியது:

கடல்காகம், நீங்கள் சொன்னது கனமான விஷயம். ஆளில்லாத நிலம் என்று காட்டுவதுதான் இந்த வகைப் படங்களின் அடித்தளமே. அதை எந்த ஊரில் போய் எடுத்தாலும் இந்தக் கேள்வி கூடவே வரும்.

மணிமுடிச்சு எழுதியது:

நான் காஷாவைப் பற்றிப் பேச வந்தேன். இவ்வளவு பதிவுகளில் அவளுக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, படத்திலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்!

காஷாவாக நடித்த லிசா நியமி ஸ்வேஸியின் நிஜ மனைவி, அவரும் நடனக்கலைஞர். இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும்போது பேசாமலேயே ஒரு புரிதல் தெரிகிறது. அதைப் படம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தக் கதையில் எதிர்காலத்தைப் பற்றித் திட்டம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். நாடோடிக்குப் பழி, டாம்னிலுக்குப் பேராசை, ஷோவுக்குக் கூலி. காஷா மட்டும்தான் பள்ளத்தாக்கு முழுக்கப் பயிர் வைக்க நினைக்கிறாள். கால்வாய் எப்படி வெட்டப்போகிறாள், யார் யாருக்கு எவ்வளவு தண்ணீர், அக்கம்பக்கத்தார் அவளை நம்புவார்களா? இதில் ஒரு முழுப் படம் இருக்கிறது. கேமரா அங்கே போகாமல் வாளைத் தேடிப் போய்விடுகிறது.

வறண்டகிணறு சொன்ன அந்த நகராத நாற்பது நிமிடம் எனக்குப் பிடித்த பகுதி. நாடோடி முதல்முறையாக இன்னொருவரின் வேலையைச் செய்கிறான். ஸ்வேஸி பாலே பயின்றவர், அதனால் ஒரு பாரத்தைத் தூக்குவதில்கூட உடம்பு ஒழுங்காக இயங்குகிறது. சண்டையிலும் அப்படியே, அடிப்பதைவிட விலகுவதில்தான் அழகு. வேகமாக வெட்டி வெட்டி ஒட்டாமல், முழு உடம்பும் தெரிகிற மாதிரி கேமராவைத் தள்ளி வைத்தால் போதும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம். சண்டை தெரிந்த நடிகர் கிடைத்தால் சின்னப் படத்துக்கு அதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை.

சுருள்பெட்டி எழுதியது:

மணிமுடிச்சு, அந்தப் பாய்மர வண்டித் துரத்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இல்லாத உலகம், காற்றில் ஓடும் வண்டி. மற்ற நகல் படங்கள் எல்லாம் பழைய காருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் வண்டி எதனால் ஓடும் என்று யோசித்திருக்கிறார்கள்.

முதல்சட்டகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இதே வகையில் ஒரு குறும்படம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே பாத்திரம், அழிந்த உலகம். பாலைவனத்துக்குப் போக வசதியில்லை, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றுதான் கிடைக்கும். அது எடுபடுமா? தனி ஆள் யாரோடு பேசுவான் என்பதிலும் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னணிக் குரல் வைக்கலாமா?

மணிமுடிச்சு எழுதியது:

தம்பி, பின்னணிக் குரல் வேண்டாம். உலகம் எப்படி அழிந்தது என்று முதல் நிமிடத்தில் பாடம் எடுத்தால் பார்க்கிறவருக்கு வேலை இல்லாமல் போய்விடும். தனி ஆளுக்கு ஒரு துணை கொடுங்கள். 'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' படத்தில் நாய்தான் துணை, மனதாலேயே பேசும், நாயகனைவிட விவரமானது. 'மேட் மேக்ஸ்' இரண்டாம் பாகத்தில் நாயும் உண்டு, பேச்சே வராத ஒரு சிறுவனும் உண்டு. மேக்ஸ் ரொம்பக் கொஞ்சம்தான் பேசுவான், ஆனால் அந்தச் சிறுவனைப் பார்க்கும் பார்வையிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

உடைக்குப் புதுத் துணி வாங்காதீர்கள். பழைய துணியை உப்புத்தாளால் தேயுங்கள், தேயிலைச் சாற்றில் ஊறப்போடுங்கள். தோள், முழங்கால், சட்டைக்கை ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். ஒரே சீராக அழுக்காக்கினால் நாடகத்துக்குப் போட்ட வேஷம் மாதிரி தெரியும்.

நிழல்அளவு எழுதியது:

குவாரி தாராளமாகப் போதும். கேமராவைத் தரையோடு தாழ்த்தி வையுங்கள், குவாரிச் சுவரே தொடுவானத்தை மறைத்துவிடும். மேல் விளிம்பில் மரம், கம்பம், கம்பி தெரிகிறதா என்று முதல் நாளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத குவாரியில் தளர்ந்த பாறை இருக்கும், விளிம்பில் யாரையும் நிற்க வைக்காதீர்கள். உரியவரிடம் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் வசனம் எதுவும் இல்லாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள். டப்பிங் பண்ணும்போது அடியில் அதை ஓட விட்டால்தான் குரல் அந்த வெளியில் உட்காரும்.

பின்வரிசை எழுதியது:

முதல்சட்டகம், ஒரு கேள்வி. உங்கள் உலகத்தில் எது கிடைக்காது? மேக்ஸுக்குப் பெட்ரோல், காஷாவுக்குத் தண்ணீர். உங்கள் ஆளுக்கு?

முதல்சட்டகம் எழுதியது:

நிழல். என் கதையில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே தோல் வெந்துவிடும். ஒரு பாறை நிழலுக்காக இரண்டு பேர் மோதுகிறார்கள். இரண்டாவது ஆள் கடைசியில்தான் வருவான், அதனால்தான் ஒரே பாத்திரம் என்று எழுதினேன். ஆனால் நிழல்அளவு அண்ணா, உச்சிவெயிலில் எடுக்கக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறீர்களே?

நிழல்அளவு எழுதியது:

உங்கள் கதைக்கு உச்சிவெயில்தான் வேண்டும். நான் சொன்னது அழகாகத் தெரிய வேண்டிய படத்துக்கு. உங்கள் ஆளின் கண்குழி கருக்கட்டும், முகம் வெளிறட்டும், ரிஃப்ளெக்டரைத் தூக்கி ஓரமாகப் போடுங்கள். வெயிலுக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்தால் நிழல் கன்னங்கரேலென்று ஆகிவிடும், உள்ளே இருப்பவன் தெரிய மாட்டான். நிழலுக்கு வைத்தால் வெளியே எல்லாம் வெள்ளையாக எரியும். வெளியே நிற்கும்போது முதல் முறை, உள்ளே போன பிறகு இரண்டாவது முறை என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு எது உயிர், எது சாவு என்பதை வெளிச்சமே சொல்லிவிடும்.

உச்சியில் பாறை நிழல் ரொம்பக் குறுகலாக இருக்கும், அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் முந்தின நாளே போய் மணிக்கு ஒரு தடவை நிழலின் ஓரத்தில் கல்லை வைத்து அடையாளம் போடுங்கள். எந்த மணிக்கு இரண்டு பேர் படுக்கும் அளவு இருக்கிறது, எந்த மணிக்கு ஒருவருக்குத்தான் இடம் என்று தெரிந்துவிடும். சண்டையை அந்த இரண்டாவது நேரத்துக்கு வையுங்கள். அப்புறம், குழுவுக்குத் தனியாகப் பந்தல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஷாட்டுக்கு நடுவில் எல்லோரும் அந்தப் பாறைக்குக் கீழேதான் போய் உட்காருவார்கள், தடம் விழுந்துவிடும்.